இவருக்குப் பதில் இனி இவர்

ஒரு புதன்கிழமை, மதியம் இரண்டரை.
தறியை நிறுத்திய பிறகும் காதுக்குள் தறி ஓட,
தார் சுற்றிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு
உட்கார்ந்தேன்.
கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து:
'இவருக்குப் பதில் இனி இவர்.'
நாலு விநாடிகூட இல்லை.

வைதேகி சமையலறைக்குள் போனபோது ஒரு முகம்,
காப்பியோடு வெளியே வந்தபோது வேறு முகம்.
மாமியார் திடுக்கிடவில்லை.
புருஷன் டம்ளரை வாங்கி ஊதிக் குடித்தான்.
குழந்தை ஓடி வந்து 'அம்மா' என்று
காலைக் கட்டிக்கொண்டது.

பழைய வைதேகிக்கு மோவாயில் ஒரு மரு.
பொய் சொல்லும்போது அதைத் தொடுவாள்.
எழுதிக் கொடுத்ததா, அவளாகச் செய்ததா என்று
எத்தனை தார் சுற்றி முடித்திருப்பேன் யோசித்தே.
புதியவளுக்கு மரு இல்லை.
பொய் வரும் இடத்திலெல்லாம்
கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள்
பாவம்.

ஏகாம்பரகுப்பத்தில் எங்கள் வீட்டில் தமிழ் ஓடும்.
நடுச்சுவருக்கு அந்தப் பக்கம், அனசூயம்மா வீட்டில்,
அதே நாடகம் தெலுங்கில்,
எட்டு மாதம் பின்தங்கி.
அங்கே வைதேகியின் பெயர் வசுந்தரா.
உதடு தமிழில் அசையும், குரல் தெலுங்கில் வரும்,
நகரிச் சந்தையில் நாங்கள் பேரம் பேசுவதுபோல.
யார் சாகப்போகிறார், யாருடைய கர்ப்பம் பொய்,
எல்லாம் எனக்கு முன்பே தெரியும்.
என்னைக் கண்டாலே 'செப்பொத்து, செப்பொத்து' என்று
காதைப் பொத்திக்கொள்வாள்.

முகம் மாறிய பிறகு
மூன்று மணிக்கு அங்கே போக ஆரம்பித்தேன்.
மருவோடு அவள் இன்னும் இருந்தாள்,
ஒன்றும் தெரியாமல்
வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டு.

எழுதுகிறவர் மாறினால் அட்டை போடுவதில்லை.
ஆனாலும் தெரிந்துவிடும்.
முதலில் எழுதியவர்
எல்லாரையும் சாப்பிட்டு முடிக்க விடுவார்.
பால் விலை ஏறியது அவருக்குத் தெரியும்.
அடுத்தவர் வந்தபின் அந்த வீட்டில்
ஒரு தட்டும் காலியாகவில்லை.
கடைசி மகன் பரணி
பரீட்சை எழுத மதுரைக்குப் போனான்.
போனான், அவ்வளவுதான்.
பெற்றவள்கூட ஒருநாளும் அவனைக் கேட்கவில்லை.

நானும் ஒருத்திக்குப் பதில் வந்தவள்தான்,
திருத்தணியில் மாலை மாற்றி,
மத்தியானப் பஸ்ஸில்.
ராஜகுமாரியின் புடவை காய்ந்த கொடியில் என் புடவை.
அவள் உட்கார்ந்த பலகையில் நான்.
ஏழு வயது கிரிஜா காலைக் கட்டிக்கொள்ளவில்லை.
பாவு நூலுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தாள்.
அனசூயம்மா ஏறக்குறைய ஒரு வருஷம்
என்னை 'ராஜகுமாரி' என்றே கூப்பிட்டு
நாக்கைக் கடித்துக்கொள்வாள்.
நான் திருத்தியதில்லை.

தெலுங்கிலும் ஒருநாள் அட்டை வந்தது.
அனசூயம்மா திரைக்கு முதுகு காட்டித் திரும்பினாள்.
'உனக்குத் தெரியும்தானே?
தெரிஞ்சுதானே தினம் வந்து உட்கார்ந்த?'
'நீதானே சொல்லாதேன்ன.'
அன்று காப்பி தரவில்லை.
மறுநாள் தந்தாள், சர்க்கரை போடாமல்.

ஆயிரத்துச் சொச்சம் நாள் ஓடி
ஒரு கல்யாணத்தில் முடிந்தது நாடகம்.
போட்டோவுக்கு எல்லாரும் நின்றார்கள்.
எண்ணிப் பார்த்தேன், பரணி இல்லை.

கிரிஜா இப்போது புத்தூரில், மருந்துக்கடையில் வேலை.
என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட மாட்டாள்,
பேச்சை நடுவிலிருந்தே தொடங்குவாள்.
போன வாரம் போனில்,
அவள் அப்பாவின் மாத்திரை, மழை, நூல் விலை
எல்லாம் தீர்ந்து, வைக்கப்போகும் நேரத்தில்:
'அந்தப் பரணி, பரீட்சைக்குப் போனானே,
கடைசிவரைக்கும் வரவே இல்லையா?'

'நீ எங்கே பார்த்தே?'
'தறிக்குப் பின்னாடிலேர்ந்தே நல்லாத் தெரியும்.'

'வரலை' என்றேன். 'எழுதுறவன் மாறிட்டான்.'
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
அவள் பக்கம் யாரோ இருமல் மருந்து கேட்டார்கள்.
'பாஸாவது பண்ணியிருப்பானா?'

'பண்ணியிருப்பான்' என்றேன்.
கை தானாக மோவாய்க்குப் போனது.